மட்ச் முடியும் வரைக்கும்

2022 ஜூலை 9 ஆம் திகதி நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். சரியாகச் சொன்னால் என் மோட்டார் சைக்கிள்தான் மூன்று நாளாக அங்கே நின்றது, நான் வீட்டுக்கும் கடைக்கும் வரிசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பெற்றோல் வருமாம் என்று ஒரு கதை, அதை நம்பி வீதியின் ஒரு பக்கம் முழுக்கச் சனம். திருகோணமலை, சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கிற ஊரில், இரண்டு போத்தல் பெற்றோலுக்காக உள்ளங்கையில் இலக்கம் எழுதிக்கொண்டு நின்றோம். என் இலக்கம் 143. வியர்வையில் மை கரையக் கரையத் திரும்ப எழுதினேன். பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து முச்சக்கரவண்டியோடு வந்த ஒரு நானா, முன்னால் மீன் விற்கிற சிங்கள அண்ணன் ஒருவர். என் போனை முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு நாலைந்து பேர் குனிந்து நின்று காலி நகரில் நடந்த கிரிக்கெட் டெஸ்ட் பார்த்தோம். அவுஸ்திரேலியா வந்திருந்த நேரம். முதல் டெஸ்ட் ஆடுகிற பிரபாத் ஜயசூரிய ஆறு விக்கெட் எடுத்து அவர்களை 364 இல் முடித்துவிட்டார், ஸ்மித் மட்டும் 145 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்றார்.

திடீரென்று கமரா மைதானத்தை விட்டு மேலே போனது. காலி மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோட்டை மதில் பக்கத்திலேயே நிற்கும், டிக்கெட் எடுக்க வசதியில்லாதவர்கள் காலங்காலமாக அதில் ஏறித்தான் மட்ச் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த மதில் நிறைய, ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷவைப் பதவி விலகச் சொல்கிற போராட்டக்காரர்கள். கொடி, பதாகை, கை. வர்ணனை செய்கிறவரின் குரலுக்குப் பின்னால் கோசம் கேட்டது. கீழே பந்து போடுகிறவர் போட்டுக்கொண்டே இருந்தார். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் போய்விட்டது என்று பின்னால் ஒருவர் கத்தினார், வரிசையே கைதட்டியது. மீன் அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சந்தோசமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று மாதமாக அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்றவன் நான்.

அந்த நேரம் பெரியம்மா சோற்றுப் பார்சலோடு வந்தார். பஸ் இல்லை, நடந்தே வந்திருந்தார். பார்சலைக் கையில் தந்துவிட்டுப் போனை எட்டிப் பார்த்தார்.

"இது எங்க மகன்?"

"காலி, பெரியம்மா. மட்ச் நடக்குது."

"மதில்ல நிக்கிறது ஆர்?"

"போராட்டக்காரர். கோத்தாவைப் போகச் சொல்லி."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "பொலிஸ் இல்லையா அங்க?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் மகன் அவங்களை அடிக்கேல்ல?"

சனம் கூட, அதால்தான் என்று ஏதோ சொன்னேன். நானா தலையைக் குனிந்துகொண்டார். மீன் அண்ணனுக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா வெறும் பையை மடித்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தார். அந்தக் கேள்வி இன்றுவரைக்கும் என்னை விடவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

படத்தின் நிறம்

பெரியம்மாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அப்படி ஒரு பெரியம்மாவையோ மாமியையோ பக்கத்து வீட்டு அம்மாவையோ தெரிந்திருக்கும். 2007 இல் ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அவரின் மகன், என் அண்ணா, திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தார்கள், அப்புறம் வவுனியா, முல்லைத்தீவு, எங்கள் திருகோணமலை என்று எல்லா இடமும் கொட்டில் போட்டார்கள். பெரியம்மாவும் போய் உட்கார்ந்தார். ஒரு கல் எறிந்தது கிடையாது, ஒரு வாகனத்தை மறித்தது கிடையாது. கையில் ஒரு படம், அவ்வளவே.

எனக்கு மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி, பிரிண்ட், லமினேற். அந்தத் தாய்மாரின் படங்களில் பாதிக்கு மேல் என் மெசினுக்குள்ளால் போனவை. வெயிலில் பிடித்துக்கொண்டே இருக்கிற படத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியுமா தெரியவில்லை. முதலில் சிவப்புப் போகும். உதட்டு நிறம் போகும், நெற்றியில் இருந்த குங்குமம் போகும். பிறகு மஞ்சள். கடைசியில் நீலம்தான் மிஞ்சும், முகம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும். லமினேற்றின் ஓரத்தைக் கத்தரிக்கும்போது படத்துக்கு வெளியே கொஞ்சம் இடம் விடவேண்டும், ஒட்ட வெட்டினால் மழைத்தண்ணி உள்ளே ஏறிவிடும். பெரியம்மா ஓரத்தைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். அண்ணாவின் படத்தை இதுவரைக்கும் ஆறு தரம் புதிதாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். மூலப்படம் என் கணினியில் இருக்கிறது, அதில் அவனுக்கு வயது 24, நீலச் சேட்டு.

அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் ஒரு தாயின் மனக்குறை என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் ஐந்து வருசம் உட்கார்ந்தோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்கள் மதிலில் ஏறியவுடன் உலகமே பார்க்கிறது என்கிற குறை. அப்படி ஒரு குறை எங்கள் ஆட்கள் பலருக்கு 2022 இல் இருந்தது. "இப்பதான் அவங்களுக்குப் பசி தெரியுது" என்று என் கடை வாசலிலேயே சொன்னார்கள். நான் அதோடு சண்டை பிடித்தவன். மே 10 ஆம் திகதி, பதவி விலகிய பிரதமர் குடும்பத்தோடு எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்துவிட்டார் என்ற செய்தி பரவி, தளத்து வாசலுக்கு முன்னால் சனம் கூடியபோது நானும் அந்தப் பக்கம் போனேன். இனம் பார்த்தா நின்றார்கள்? மே 18 ஆம் திகதி, கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் சிங்களப் பிள்ளைகள், போரில் செத்தவர்களை நினைக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்து விளக்கு ஏற்றினார்கள். அதைப் படத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதையெல்லாம் குறை பேசுகிற ஒரு வசனத்தால் தள்ளிவிட முடியாது.

ஆனால் பெரியம்மா கேட்டது குறை இல்லை. அது எனக்கு விளங்க இன்னும் இரண்டு கிழமை பிடித்தது.

விளையாட்டுக்குள் அரசியல்

அந்த இரண்டு கிழமையும் வாசித்தேன். வேலையும் இல்லை, ஊரே நின்றுபோயிருந்தது. விளையாட்டில் அரசியலைக் கலக்கக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு இருக்கிறது, அதற்குப் பதில் தேடித்தான் தொடங்கினேன். இலங்கையில் 1973 ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி ஒரு தேசிய அணி வெளிநாட்டில் ஆடப் போவதென்றால் விளையாட்டுத்துறை அமைச்சர் பெயர்ப்பட்டியலுக்குச் சம்மதம் கொடுக்கவேண்டும். பதினொரு பேரின் பெயருக்கு ஒரு அரசியல்வாதி கையெழுத்துப் போடுகிற நாட்டில், வெளியே நின்று பதாகை பிடிக்கிறவன்தான் அரசியலைக் கொண்டுவந்து கலக்குகிறான் என்று எப்படிச் சொல்வது? 

1981 ஐ எடுத்துப் பாருங்கள். ஜூன் 1 ஆம் திகதி விடியும்போது யாழ்ப்பாண நூலகம் சாம்பல். ஜூலை 21 ஆம் திகதி இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து. இடையில் ஐம்பதே ஐம்பது நாள். டெஸ்ட் அந்தஸ்துக்கும் எரிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதைக் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுத்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. உலகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அடுத்த பெப்ரவரியில் முதல் டெஸ்ட் நடந்த கொழும்பு மைதானத்தின் பெயரே சரவணமுத்து என்கிற தமிழரின் பெயர். அதையும் சேர்த்தே நினைக்கிறேன், ஏனென்றால் கிரிக்கெட் எங்களுக்கும் சொந்தமானது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

டெஸ்ட் அந்தஸ்து கிடைத்து நாலாம் நாள், ஜூலை 25, நியூசிலாந்தின் ஹமில்டன் நகரில் தென்னாபிரிக்க ரக்பி அணியின் ஆட்டம். நிறவெறி அரசின் அணியை வரவிடாதே என்று சனம் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய், நடு மைதானத்தில் கையோடு கை கோத்து நின்றது. சில நூறு பேர்தான். ஆட்டம் கைவிடப்பட்டது. நேரடி ஒளிபரப்புக்காகத் தென்னாபிரிக்காவில் விடியமுன் எழும்பி ரீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளையர்கள், ஆட்டத்துக்குப் பதிலாக அந்தக் கை கோத்த வட்டத்தைப் பார்த்தார்கள். சிறையில் இருந்த மண்டேலாவுக்கு அந்தச் செய்தி போனபோது சூரியன் வெளியே வந்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொன்னாராம். அதே வேளை, மைதானத்தை விட்டு வெளியே வந்தவர்களை ஆத்திரப்பட்ட ரசிகர்கள் அடித்தார்கள். அதையும் இரண்டு தரம் வாசித்தேன். மைதானத்துக்குள் கமரா பார்த்துக்கொண்டிருந்த நேரம் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். அடி பெரும்பாலும் பிறகுதான் விழுந்தது.

நாடாவும் கொடியும்

எனக்கு மிகவும் பிடித்தது ஹராரே. 2003 பெப்ரவரி 10. போர்நிறுத்த ஒப்பந்த காலம், பாதை திறந்திருந்தது, இரவில் பயமில்லாமல் வெளியே போகலாம். அன்றைக்கு உலகக் கிண்ணத்தில் இலங்கையும் நியூசிலாந்தும் புளும்ஃபொன்டெய்னில் ஆடின, சனத் ஜயசூரிய 120 அடித்தார், அண்ணாவும் நானும் பெரியம்மா வீட்டு முற்றத்தில் ரீவியை வெளியே இழுத்து வைத்துப் பார்த்தோம். அதே நாளில்தான் ஹராரேயில் சிம்பாப்வே வீரர்கள் ஹென்றி ஒலோங்காவும் அன்டி பிளவரும் கையில் கறுப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டு நமீபியாவுக்கு எதிராக இறங்கினார்கள். எங்கள் நாட்டில் ஜனநாயகம் சாகிறது, அதற்குத் துக்கம் காக்கிறோம் என்று ஓர் அறிக்கையைப் பத்திரிகையாளருக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆடப் போனார்கள். ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். சிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஒலோங்கா. அவர் நாட்டுக்குத் திரும்ப முடியாமல் இங்கிலாந்தில் தங்கவேண்டி வந்தது, இரண்டு பேருடைய சர்வதேச ஆட்டமும் அந்த உலகக் கிண்ணத்தோடு முடிந்தது. அடுத்த நாள் செய்தியை வாசித்துவிட்டு அண்ணா சொன்னது நினைவிருக்கிறது: "ஒரு துண்டு நாடாவுக்கு இவ்வளவு பயப்படுறாங்களெண்டால் நாடா சரியான இடத்திலதான் ஒட்டியிருக்கு."

எங்கள் ஆட்களும் செய்திருக்கிறார்கள். 1975 ஜூன் 11, முதல் உலகக் கிண்ணம், லண்டன் ஓவல் மைதானம். தொம்சனின் பந்து பட்டுத் துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் ஆஸ்பத்திரிக்குப் போன மட்ச் என்றுதான் அதைக் கிரிக்கெட் ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு லண்டனில் இருந்த தமிழர் சிலரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். 1972 அரசியலமைப்பும் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் ஒரு தலைமுறையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம், ஒரு துவக்கும் இல்லாமல் புல்தரையில் போய் நின்று எங்களையும் பாருங்கள் என்றார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. முப்பது வயது தாண்டித்தான் அறிந்தேன். நாங்கள் எங்கள் சண்டைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு எங்கள் அமைதியான எதிர்ப்புகளைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் நல்லதென்று சொல்லமாட்டேன். 2013 ஜூனில் கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய அரையிறுதியில் சிலர் புலிக்கொடியோடு மைதானத்துக்குள் ஓடினார்கள். ஓடியவர்களின் துயரம் எனக்கு விளங்கும், அவர்களில் பலருக்கு இங்கே யாரோ ஒருவர் இல்லாமல் போயிருப்பார். ஆனால் அந்தக் கொடியைப் பார்த்தவுடன் திரையில் இருந்த கேள்வி மாறிவிட்டது. என்ன நடந்தது, எங்கே பிள்ளைகள் என்ற கேள்வி போய், இவர்கள் யார் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் கார்டிஃபில் இருக்கவில்லை, இங்கே இருந்தோம். அந்த வருசம் மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் எங்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், அதை நன்றியோடு நினைக்கிறேன். அதன் முடிவில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக்கூடாது என்று வந்தது, கண்டித் தமிழரான முரளிதரனும் அதற்குள் அகப்பட்டார். ஆட்சி செய்கிறவரைக் கேட்கவேண்டிய கேள்வியைப் பந்து போடுகிறவரிடம் கேட்டமாதிரி ஆகிவிட்டது. மதிலில் நின்றவர்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை. ஆட்டத்தை நிறுத்தவில்லை, வீரர்களைத் திட்டவில்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் கொழும்பில் கடைசி ஒருநாள் மட்சில், இந்தக் கஷ்ட காலத்திலும் எங்கள் நாட்டுக்கு வந்தீர்களே என்று ரசிகர்கள் அவுஸ்திரேலியாவின் மஞ்சள் நிறத்தைப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார்கள். அந்த அணியும் தங்களுக்குக் கிடைத்த பரிசுப் பணம் 45,000 அவுஸ்திரேலிய டொலரை இங்குள்ள பிள்ளைகளுக்காக யுனிசெஃபுக்குக் கொடுத்தது.

ஜூலை 22

ஜூலை 22 வெள்ளிக்கிழமை காலை. கடையைத் திறந்து மெசினைச் சூடாக விட்டேன். கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று தெரியாது, லமினேற் மெசின் சூடாகப் பத்து நிமிசம் வேண்டும். பெரியம்மா படத்தோடு வந்தார். ஓகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் தினம், அதற்கு முன்னால் புதிதாக அடிக்கவேண்டும். போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விடியமுன், இருட்டில், இராணுவமும் பொலிஸும் காலிமுகத்திடலுக்குள் போய்க் கூடாரங்களைப் பிடுங்கி, பிள்ளைகளை அடித்து, பிபிசி ஆட்களையும் அடித்திருந்தார்கள். போராட்டக்காரர்கள் அன்று பின்னேரமே இடத்தை விட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதற்குக்கூடப் பொறுக்கவில்லை. புது ஜனாதிபதி பதவியேற்று ஒரு நாள்கூட ஆகவில்லை.

நான் கோபத்தில் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். பெரியம்மா கேட்டார்:

"இண்டைக்கு மட்ச் ஒண்டும் இல்லையா மகன்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. "பாகிஸ்தான் வந்திருக்குது. ஒண்டு 20 ஆம் திகதி முடிஞ்சுது, மற்றது 24 இல தொடங்குது" என்றேன்.

"ம். அதுதான்" என்றார். படத்தை நிமிர்த்தி ஓரத்தைத் தடவினார். "மட்ச் முடியும் வரைக்கும் அடிக்கமாட்டாங்கள் எண்டு அண்டைக்கே நினைச்சனான்."

மெசின் சூடாகிவிட்டது என்று பச்சை வெளிச்சம் வந்தது. நான் படத்தைப் போடாமல் நின்றேன். அன்றைக்குப் பெற்றோல் வரிசையில் பெரியம்மா யார்மீதும் பொறாமைப்படவில்லை. மதிலில் நின்ற பிள்ளைகளுக்காகப் பயந்திருக்கிறார். எவ்வளவு நேரம் அவர்கள் பத்திரம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டது, எது அடியைத் தடுக்கிறது என்று அறிவதற்கு. ஐந்து வருசமாகப் படத்தோடு வீதியில் நிற்கிற ஒருவருக்கு அது தொழில்நுணுக்கம் மாதிரி, கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்க்கிற மாதிரி. கொட்டிலுக்கு வெளிநாட்டுத் தூதுவர் வருகிற அன்று பொலிஸ் மரியாதையாக இருக்கும், போன பிறகு வந்து பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். படம் எடுப்பவர்கள் உள்ளூர் ஊடகமா, விசாரிக்கிறவர்களா என்று நிற்கிற விதத்திலேயே கண்டுபிடிப்பார்கள்.

கொழும்பில் நடந்ததற்கும் காலி மட்சுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஜூலை 9 ஆம் திகதியே கொழும்பில் கண்ணீர்ப்புகையும் அடித்தார்கள், சூடும் வைத்தார்கள், அன்றைக்குக் காலியில் மட்ச் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இருட்டில் செய்வதற்கும் கமராவுக்கு முன்னால் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பெரியம்மா கண்டது உண்மை. சர்வதேச மட்ச் ஒன்று நடக்கிற இடத்தில் இருபது முப்பது கமரா ஏற்கனவே நிற்கிறது. போராடுகிறவன் அதைக் கூலிக்கு அமர்த்தத் தேவையில்லை, அது திரும்பிப் பார்க்கிற தூரத்தில் போய் நின்றால் போதும். ஒலோங்காவின் நாடா, ஹமில்டன் வட்டம், ஓவல் புல்தரை எல்லாம் அந்தத் தூரத்தைத் தேடிப் போனவைதான். அந்தத் தூரத்துக்குள் போகவே முடியாதவர்களின் எதிர்ப்பு எவ்வளவு அமைதியாக இருந்தாலும், எத்தனை வருசம் இருந்தாலும், படத்தில் சிவப்புப் போகிற மாதிரி மெல்ல மெல்ல வெளிறிப்போகிறது. எனக்குக் கோபம் அங்கேதான். அமைதியாகப் போராடுங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொன்ன எத்தனையோ பேர், அமைதியாக உட்கார்ந்திருந்த தாய்மாரை வந்து பார்த்ததே இல்லை.

பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கின் பதக்க மேடையில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டவீரர்கள் தொம்மி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும் இனவெறிக்கு எதிராகக் கறுப்புக் கையுறையோடு கையை உயர்த்திய படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். முன்னால் நிற்கிற வெள்ளைக்காரர் பீட்டர் நோர்மன், அவுஸ்திரேலியர், கை உயர்த்தவில்லை. ஆனால் நெஞ்சில் அவர்களுடைய அதே சின்னத்தைக் கேட்டு வாங்கிக் குத்தியிருந்தார். 1972 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. 2006 இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். அந்த மீன் அண்ணன் இப்போதும் என் கடைக்கு வருவார். ஒரு நாள் தாய்மாரின் படக்கட்டு மேசையில் இருந்தபோது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில எத்தனை பேர் வந்தது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அந்த வருசம் ஓகஸ்ட் 30 இல் ஊர்வலத்தின் கடைசியில் அவர் நடந்து வந்தார், கையில் ஒன்றும் இல்லை, யாரோடும் கதைக்கவும் இல்லை.

மண்டைதீவு

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி, யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் கட்டுகிற வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். காலியும் கண்டியும் தம்புள்ளையும் பார்த்த மட்சை இனி வடக்கும் பார்க்கும். எனக்கு உள்ளபடியே சந்தோசம். எங்கள் ஊர்ப் பெடியள் மக்கெய்சர் மைதானத்தில் வெயிலில் ஓடி ஓடி ஆடியும் போக வழியில்லாமல் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே முதல் மட்ச் நடக்கிற அன்று டிக்கெட் எடுத்து உள்ளே இருந்து பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ஆனால் அன்றைக்கு வாசலில் என்ன நடக்கும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. படத்தோடு வருகிற தாய்மாரை வெளியில் நிற்க விடுவார்களா, கமரா திரும்புகிற தூரத்தில்? இல்லை, இரண்டு கிலோமீற்றருக்கு முன்னாலேயே பஸ்ஸை மறித்து, பாதுகாப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்களா? நாட்டுக்கு அவமானம், விருந்தாளி வந்திருக்கிற நேரம் இதெல்லாம் தேவையா என்று எங்கள் ஆட்களே சொல்வார்களா? காலிக் கோட்டை மதிலில் நின்றவர்களைப் பார்த்து அப்படி யாரும் சொல்லவில்லை. அவர்களைக் கமரா காட்டியது, வர்ணனையாளர்கள் மரியாதையாகப் பேசினார்கள், ஆட்டமும் நடந்தது, சந்திமால் 206 அடித்தார், இலங்கை ஓர் இன்னிங்ஸாலும் 39 ஓட்டத்தாலும் வென்றது. எதற்கும் ஒரு கேடும் வரவில்லை. அதே இடத்தை, அதே மரியாதையை மண்டைதீவிலும் கேட்கிறேன்.

செய்தி வந்த அன்று பின்னேரம் பெரியம்மாவுக்குப் போனில் மண்டைதீவுப் படத்தைக் காட்டினேன். இப்போது கண் அவ்வளவு தெரியாது, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வெறும் நிலம்தான், ஒரு மேடை, கொஞ்சம் சனம். இங்கே மட்ச் நடக்கப் போகுது என்றேன். வெளிநாட்டு அணி வருமா என்று கேட்டார். வரும், இன்னும் கொஞ்ச வருசம் ஆகும் என்றேன்.

"எத்தினை மணிக்குத் தொடங்குவாங்கள்?"

"பகல் மட்ச் எண்டால் காலமை பத்து மணி போல."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப முதல் நாள் இரவே போயிடவேணும்" என்றார். பிறகு, ஏழாவது படத்தை இந்த முறை கொஞ்சம் பெரிதாக அடிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.